கழற்றிப் பார்க்கவா, கும்பிட்டு வைக்கவா?

சாதி ஒழிப்பு பேசும் இடத்தில் பொம்மை விமர்சனத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. எந்தப் பிள்ளையின் கையில் எந்தப் பெட்டியைக் கொடுக்கிறோம் என்பதைப் பார்த்தாலே போதும், அந்தப் பிள்ளை நாளை எங்கே நிற்க வேண்டும் என்று இந்தச் சமூகம் முடிவு செய்து வைத்திருப்பது தெரிந்துவிடும்.

நான் மதிப்பிட எடுத்துக்கொண்டது லெகோ நிறுவனத்தின் டெக்னிக் வரிசையில் 2023இல் வெளிவந்த ‘பெர்சவரன்ஸ்’ ஊர்தி. 2021 பிப்ரவரி 18 அன்று செவ்வாய்க் கோளின் ஜெசீரோ பள்ளத்தில் நாசா இறக்கிய, ஏறத்தாழ 1,025 கிலோ எடையுள்ள ஆறு சக்கர வண்டியின் சிறு வடிவம் அது. 1,132 துண்டுகள். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று பெட்டியில் போட்டிருக்கிறது. எங்கள் பகுதியில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்துக்கு நண்பர் ஒருவர் அதை வாங்கித் தந்தார். “பரீட்சைக்குப் பணம் கட்ட வழியில்லாத பிள்ளைகளுக்கு அமெரிக்க வண்டி பொம்மை எதற்கு?” என்று தோழர் ஒருவர் கேட்டார். அக்கறையில் வந்த கேள்விதான். ஆனாலும் அதன் அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது: நம் பிள்ளைகளுக்குப் பிழைக்க உதவுவது மட்டும் போதும், விளையாட்டும் வியப்பும் மற்றவர்களுக்கு. அந்த நம்பிக்கையோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் பொம்மையைப் பார்ப்போம்.

இதில் மோட்டார் கிடையாது. சாவி கொடுத்து ஓடவிட்டு வேடிக்கை பார்க்க முடியாது. எல்லாவற்றையும் கையால்தான் இயக்க வேண்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மோட்டார் வைத்த பொம்மையில் பிள்ளை பார்ப்பது ஓட்டத்தை மட்டும். இதில் ஓட்டம் எங்கிருந்து எங்கே போகிறது என்பது கண்ணுக்கும் விரலுக்கும் தெரிகிறது. மூலைச் சக்கரங்களைத் திருப்பினால் வண்டி நின்ற இடத்திலேயே சுழல்கிறது. முன்னாலுள்ள கையை நீட்டி மடக்கலாம். கூடவே ‘இன்ஜெனியுட்டி’ என்ற குட்டி ஹெலிகாப்டரும் உண்டு.

பொம்மையின் உயிர் அதன் சக்கரங்களைத் தாங்கும் அமைப்பில் இருக்கிறது. ராக்கர்-போகி என்று பெயர். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் 1980களின் இறுதியில் டொனால்டு பிக்லர் என்ற பொறியாளர் உருவாக்கியது. வண்டியின் ஒவ்வொரு பக்கமும் ஒரு நீண்ட கை, அதன் முனையில் கீல் போட்ட ஒரு குட்டைக் கை. நீண்ட கையில் முன் சக்கரம், குட்டைக் கையில் நடுச் சக்கரமும் பின் சக்கரமும். இடது, வலது இரண்டையும் ஓர் இணைப்பு சேர்க்கிறது. ஒரு சக்கரம் பாறையில் ஏறும்போது மற்ற ஐந்தும் தரையை விடுவதில்லை, மேலே உள்ள உடல் அந்த அளவுக்குச் சாய்வதும் இல்லை. ஒரு சக்கரத்துக்கு அடியில் தடித்த அகராதியை வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும். இதைப் பாடப்புத்தகத்தில் நாலு பக்கம் எழுதிப் புரியவைக்க முடியாது.

எங்கள் படிப்பகத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், அவள் அம்மா செங்கல் சூளையில் வேலை செய்கிறார், அகராதியை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அக்கா, இதுல ஸ்பிரிங் எங்க இருக்கு?” லாரிப் பட்டறையில் சித்தப்பாவுக்கு உதவியாகப் போகும் பையனும் சேர்ந்துகொண்டான். லாரிக்கு அடியில் பட்டை பட்டையாக அடுக்கியிருக்கிறதே, அது இல்லாமல் எப்படி? அந்த அமைப்பின் நுட்பமே அங்கேதான். அதில் ஸ்பிரிங் கிடையாது. மேடுபள்ளத்தைக் கீல்களே பார்த்துக்கொள்கின்றன. சூளையையும் பட்டறையையும் பார்த்து வளர்ந்த கண்கள் பத்து நிமிடத்தில் சரியான இடத்தில் கை வைத்துவிட்டன. இந்தக் கண்களுக்குத்தான் நம் கல்விக்கூடங்கள் ‘பின்தங்கிய மாணவர்’ என்று பெயர் வைத்திருக்கின்றன.

இன்னொரு நல்ல குணம். கட்டும் முறை முழுவதும் படங்களில் இருக்கிறது. ஆங்கிலம் தெரியாதது இங்கே தடையில்லை. எங்கள் பிள்ளைகள் நுழையும் அறிவியல் கதவுகளில் ஆங்கிலம் காவலுக்கு நிற்காத கதவு அரிது.

குறைகளும் உண்டு. படத்தைப் பார்த்து அடுத்தடுத்து மாட்டிக்கொண்டே போவதில் முதல் முறை நடப்பது கீழ்ப்படிதல், சிந்தனை அல்ல. முடித்ததும் அலமாரியில் வைத்துவிட்டால் 1,132 துண்டுகளும் வீண். உண்மையான பாடம் கழற்றுவதிலும், கழற்றியதை வேறொன்றாக மாட்டுவதிலும்தான் தொடங்குகிறது. அடுத்தது, கைப்பேசிச் செயலி வழியாக இன்னும் பார்க்கலாம் என்கிறார்கள். வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பாதி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே விலை. அமெரிக்காவில் 99.99 டாலர், அன்றைய மதிப்பில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். 2023-24இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டக் கூலி நாளுக்கு 294 ரூபாய். ஒரு தாய் ஏறத்தாழ 28 நாள் மண் வெட்டினால் இந்தப் பெட்டி வரும்.

உடனே ஒரு பதில் தயாராக வரும். தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூப்பும் போதுமே! 1970களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தோடு இருந்தபோது அரவிந்த் குப்தா அதைத்தானே செய்து காட்டினார்! அவர் பணியின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. முக்கோணம் ஏன் அசையாது, சதுரம் ஏன் நசுங்கும் என்பதைத் தீக்குச்சியில் கற்றுத்தர முடியும், நாங்களும் செய்கிறோம். ஆனால் கீல்கள் துல்லியமாகப் பொருந்தி, எடையைத் தாங்கி, ஆறு சக்கரமும் தரையில் நிற்க வேண்டும் என்றால் துல்லியமான துண்டுகள் வேண்டும். அவர்கள் பிள்ளைக்குத் துல்லியம், எங்கள் பிள்ளைக்குக் குப்பையிலிருந்து கலை என்று பிரிப்பதை ஏற்க முடியாது. குப்பையோடு எங்களுக்குப் போதுமான பரிச்சயம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஹோஷங்காபாத் திட்டத்தைக்கூட 2002இல் அரசு மூடிவிட்டது என்பதையும் சேர்த்தே நினைவில் வைப்போம்.

இப்போது பெரிய கேள்விக்கு வருகிறேன். ஒரு பொம்மை வண்டி எதற்காக?

சந்திரயான்-3 ஏவப்படுவதற்கு முதல் நாள், 2023 ஜூலை 13 அன்று, இஸ்ரோ குழுவினர் அதன் சிறு வடிவத்தை எடுத்துக்கொண்டு திருப்பதிக் கோயிலுக்குப் போனார்கள். நிலவில் இறங்கிய ‘பிரக்யான்’ ஊர்தி 26 கிலோ எடை கொண்டது. அதற்கும் ஆறு சக்கரங்கள், அதற்கும் அதே ராக்கர்-போகி. அருமையான வேலை, அதைச் செய்த கைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் கேள்வி அந்தச் சிறு வடிவத்தைப் பற்றியது. ஒரு வடிவம் பிள்ளையின் கைக்குப் போனால் கழற்றப்படும், உடையும், திரும்ப மாட்டப்படும். ‘இதையும் மனிதர்கள்தான் செய்தார்கள், என்னாலும் முடியும்’ என்று பிள்ளைக்குச் சொல்லும். கருவறைக்குப் போனால் எதையும் சொல்லாது. பொறியியலை மனிதக் கையிலிருந்து பிடுங்கி அருளின் கணக்கில் எழுதிவிடும். இறங்கிய இடத்துக்கு ‘சிவசக்தி’ என்று பிரதமர் பெயர் சூட்டியது அதன் தொடர்ச்சி.

பெயர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய நாசாவின் முதல் ஊர்திக்கு ‘சோஜர்னர்’ என்று பெயர். அடிமையாகப் பிறந்து, 1826இல் கைக்குழந்தையோடு எசமானின் வீட்டைவிட்டு வெளியேறி, அடிமை ஒழிப்புக்காக ஊர் ஊராகப் பேசிய கறுப்பினப் பெண் சோஜர்னர் ட்ரூத்தின் பெயர் அது. மாணவர்களுக்கு வைத்த கட்டுரைப் போட்டியில் 12 வயதுச் சிறுமி சொன்னது. அமெரிக்கா நிறவெறி ஒழிந்த நாடு என்று நான் சொல்ல வரவில்லை. விடுதலை தேடி நடந்த ஓர் அடிமைப் பெண்ணின் பெயரை அங்கே ஒரு சக்கரம் சுமந்தது. இங்கே கிடைத்தவை ஒரு சமஸ்கிருதச் சொல்லும் ஒரு கடவுளும்.

இது தற்செயல் அல்ல. கருவியைக் கும்பிடுவதும் கருவி பிடித்த கையைத் தீண்டாமல் ஒதுக்குவதும் பார்ப்பனியத்தில் ஒரே செயலின் இரண்டு பக்கங்கள். ஆயுதபூஜையன்று சுத்தியலுக்குச் சந்தனம், மற்ற நாள்களில் சுத்தியல் பிடிப்பவருக்குத் தனிக் குவளை. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்வோரையே பிரித்து வைக்கும் ஏற்பாடு என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே விளக்கிவிட்டார். சென்னை ஐஐடியை ஆராய்ந்து 2019இல் அஜந்தா சுப்ரமணியன் எழுதிய நூல் அதன் அடுத்த அத்தியாயத்தைக் காட்டுகிறது. ஒரு காலத்தில் கைவினைச் சாதிகளிடம் இருந்த தொழில்நுட்ப அறிவு, காலனிய ஆட்சிக் காலம் தொடங்கி எப்படி ஆதிக்க சாதிகளின் பட்டப்படிப்பாக மாறியது, அதற்கு எப்படித் ‘தகுதி’ என்று பெயர் வந்தது என்பதை அது விரிவாகச் சொல்கிறது. என் ஆய்வுக்காகப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். லேத்தை இயக்குபவர் ஆய்வக உதவியாளர். மாணவர்கள் தள்ளி நின்று ரெக்கார்டு நோட்டில் அளவு எழுதுவார்கள். மதிப்பெண் நோட்டுக்கு.

லெகோவைத் தொடங்கிய ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் இருந்த ஒரு தச்சர். 1932இல் மரப் பொம்மையில் தொடங்கியவர். நம் நாட்டில் தச்சருக்கும் பொம்மை செய்பவருக்கும் என்ன கிடைத்தது? பிரக்யான் நிலவில் உருண்டு ஒரு மாதம் ஆவதற்குள், 2023 செப்டம்பர் 17 அன்று, ஒன்றிய அரசு ‘பிரதமர் விஸ்வகர்மா’ திட்டத்தைத் தொடங்கியது. தச்சர், கொல்லர், குயவர், செருப்புத் தைப்பவர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துநர் என 18 தொழில்கள். பாரம்பரியப் பொம்மை செய்பவரும் அந்தப் பட்டியலில் உண்டு. 18 வயதானால் போதும், தொழில் குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும். கருவிகள் வாங்க 15,000 ரூபாய். ராஜாஜி 1953இல் கொண்டுவந்து, பெரியாரின் போராட்டத்தால் அடுத்த ஆண்டே வீழ்ந்த குலக்கல்வி, புதிய பெட்டியில் திரும்பி வந்திருக்கிறது. குடும்பத் தொழில் நிபந்தனையை எடுக்க வேண்டும், வயதை 35 ஆக்க வேண்டும் என்று கேட்ட தமிழ்நாடு அரசு, இப்போதைய வடிவில் திட்டத்தைச் செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் எழுதியது. சரியான முடிவு.

ஆக, இரண்டு பெட்டிகள். பத்து வயதில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் பெட்டி, ‘இதைக் கழற்றி வேறு எதை வேண்டுமானாலும் செய்’ என்கிறது. பதினெட்டு வயதில் இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்கும் பெட்டி, ‘உன் அப்பன் செய்ததைச் செய்’ என்கிறது. முதல் பெட்டி நம் பிள்ளைகளுக்கு ஆடம்பரம் என்று சொல்லும் தோழர்கள், இரண்டாவது பெட்டிக்கு வழிவிடுகிறோமே என்று யோசிக்க வேண்டும்.

என் மதிப்பீடு இதுதான். பொம்மை நல்லது, விலை அநியாயம். ஒவ்வொரு வீடும் வாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். நிதி ஆயோக்கின் அடல் ஆய்வகத் திட்டம் 2016 முதல் தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அந்த வரிசையை ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலிருந்து தொடங்கச் சொல்லிக் கேட்போம். மாநில அரசு தன் பணத்தில் அதே பள்ளிகளில் பட்டறைகள் அமைக்கட்டும். அங்கே துண்டு தொலையும், கீல் உடையும். அதற்கும் சேர்த்தே நிதி ஒதுக்கட்டும்.

ஒன்றை மட்டும் இப்போதே கண்காணிக்கத் தொடங்குவோம். வந்திறங்கும் பெட்டிகளைத் தொலைந்துவிடும் என்று பீரோவில் பூட்டி, அதிகாரி வரும் நாளில் மட்டும் மேசையில் அடுக்கி வைக்கும் பள்ளிகள் நிறைய உண்டு. அதுவும் ஆயுதபூஜைதான். உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போங்கள், பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.