எழுத்து இருந்தும் படிக்க இயலா நிலை

செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரையில், மாமல்லபுரத்தை அடுத்துள்ள சாளுவன்குப்பத்தில் அதிரணசண்ட மண்டபம் உள்ளது. அங்கே ஒரே வடமொழிச் செய்தியைப் பல்லவர் கிரந்தம், நாகரி என்னும் இருவகை எழுத்துகளிலும் பொறித்துள்ளனர். ஒன்றை அறிந்தவர் மற்றொன்றைக் கற்றுக்கொள்ளலாம். காலப்போக்கில் பல்லவ கிரந்தத்தைப் படிப்போர் அருகினர். மாமல்லபுரக் கல்வெட்டுகளைப் பாபிங்டன் ஆராய்ந்து 1830இல் வெளியிட்டார். இடைக்காலத்தில் கல் அழியவில்லை. அதனைப் படிக்கும் அறிவே மறைந்திருந்தது. அரபுத்தமிழ் ஏடுகளைப் படிக்கவல்ல முதியோர் குறைந்துவருவதைக் காணும் நமக்கு இவ்விழப்புப் புதிதன்று.

நம் காலத்துக் கணிப்பொறிக் கோப்புகளுக்கும் இந்நிலையே வந்துள்ளது. 1990களில் தமிழ் எழுத்துருக்களுக்குக் கிடைத்தவை 256 இடங்களே. அவற்றுள் முற்பாதி ஆங்கிலத்திற்கு உரியது. எஞ்சிய இடங்களில் தமிழின் 247 எழுத்துகளையும் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி கூறுபடுத்தி அமைத்தனர். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடங்களையே எடுத்துக்கொண்டனர். ஆகவே, உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அக்கோப்பு பொருளற்ற குறிகளாகவே தோன்றும்.

1999இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியீட்டுத் தரங்களை ஏற்றது. 2010இல் ஒருங்குறியையும் டேஸ்-16ஐயும் ஏற்றது. இவை புதிய படைப்புகளைக் காத்தன. பழைய கோப்புகள் தாமாக மாறிவிடவில்லை. குறிக்குக் குறி மாற்றுவதும் போதாது. பழைய முறைகளில் 'கெ' என்பதற்குக் கொம்பு முன்னும் ககரம் பின்னும் பதிவாகும். ஒருங்குறியிலோ ககரமே முன்னிற்கும். வரிசையையும் திருத்தினாலன்றித் தமிழ் தமிழாக வாராது. எனினும் இது இயலாத செயலன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய குறியீட்டில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றி வழங்கியுள்ளது.

"அச்சுப்படி இருக்கையில் கோப்பு எதற்கு?" எனச் சிலர் வினவலாம். அச்சுப்படி பழுத்து உதிரும். வேண்டிய சொல்லை அதில் நொடியில் தேடவும் இயலாது. உண்மையில் அச்சுப்படியே கோப்பின் திறவுகோல். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், எக்குறி எவ்வெழுத்து என்னும் அட்டவணை தானே உருவாகும். சாளுவன்குப்பத்துச் சுவர்கள் நமக்குக் காட்டும் வழியும் இதுவே.

ஆதலின் தமிழ்த்துறைகள் தம் பழைய மலர்களையும் ஆய்வேடுகளையும் தாங்கிய நெகிழ்வட்டுகளைத் தேடி எடுத்தல் வேண்டும். அவற்றைப் படிக்கும் பழங்கணிப்பொறியைப் பழைய இரும்புக்கு விற்றுவிடலாகாது. முதலில் படியெடுத்து, எழுத்துருவின் பெயரையும் அதன் கோப்பையும் உடன் சேர்த்து வைத்து, அதன் பின்னரே மாற்றத் தொடங்குவது முறை. வட்டின் காந்தப்பூச்சு கல்லைப்போல் நூற்றாண்டுகள் காத்திராது. மாணவர் கைத்திறனும் ஆசிரியர் புலமையும் இணைந்தால் இப்பணி இனிதே நிறைவேறும் என்பது நமது துணிபு.