பொம்மைச் சட்டைதானே என்கிறீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வீடு. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த உறவுக்காரர் கேட்டார்: "என்ன டீச்சர், ரிடையர் ஆகி பொம்மைக்குச் சட்டை தைக்கிறீங்களாமே?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்து அவர் சொன்னதில்தான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "ஒரு முழத் துணி. அதுக்கு மூவாயிரத்து ஐந்நூறா? அநியாயமா இல்ல?"

அநியாயம் எது என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 34 வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

முதலில் பொம்மை என்ன என்று சொல்லிவிடுகிறேன். திருவிழாக் கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பொம்மை இல்லை. பந்து மூட்டுப் பொம்மை, பிஜேடி என்பார்கள். ஜப்பானில் கியோட்டோவைச் சேர்ந்த வோக்ஸ் நிறுவனம் 1999இல் 'சூப்பர் டால்ஃபி' என்று கொண்டுவந்த பிறகுதான் இப்போதுள்ள வகை பரவியது. பின்னால் கொரியாவிலும் சீனாவிலும் செய்ய ஆரம்பித்தார்கள். பிசினை அச்சில் ஊற்றிச் செய்த உறுப்புகளை உள்ளே எலாஸ்டிக் கயிறு இழுத்துப் பிடித்திருக்கும். முழங்கை, முழங்கால், மணிக்கட்டு எல்லாம் மடங்கும். கண்ணையும் தலைமுடியையும் மாற்றிக்கொள்ளலாம். பெரிய அளவுப் பொம்மை ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் உயரம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் பேத்தி மூன்று மாதச் சம்பளத்தைச் சேர்த்து ஒன்று வாங்கினாள். விடுமுறைக்கு வந்தபோது, "அம்மாச்சி, இவளுக்கு மாயக்கதை ராணி மாதிரி கவுன் தைச்சுத் தர்றீங்களா?" என்றாள். அப்படித் தொடங்கியது இது.

மாயக்கதை ராணி என்றாலும் உடுப்பின் வெட்டு ஐரோப்பாவின் இடைக்கால வெட்டுத்தான். பேத்தி கைப்பேசியில் படங்களைக் காட்டினாள். கிரீன்லாந்தின் தென்கோடியில் ஹெர்யோல்ஸ்னெஸ் என்ற இடத்தில், 1921இல் போல் நோர்லுண்ட் என்ற டென்மார்க் ஆய்வாளர் ஒரு பழைய தேவாலய இடுகாட்டைத் தோண்டினார். பிணங்களைச் சுற்றிப் புதைத்த கம்பளி உடைகள் உறைந்த மண்ணில் மக்காமல் கிடைத்தன. இன்று கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மேலே உடம்போடு ஒட்டி, கீழே விரியும் அங்கிகள். விரிவு எப்படி வருகிறது? நீள நீளமான முக்கோணத் துண்டுகளை இடையிடையே வைத்துத் தைத்திருக்கிறார்கள். நம் ஊர் டெய்லர் சுடிதாருக்குக் கலி வைக்கிறாரே, ஏறக்குறைய அந்தக் கணக்குத்தான்.

இப்போது கணக்குக்கு வருகிறேன்.

பொம்மை நம்மில் மூன்றில் ஒரு பங்கு உயரம். நீளமும் அகலமும் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால், துணி ஒன்பதில் ஒரு பங்கு போதும். உறவுக்காரரின் கணக்கு இதோடு நின்றுவிட்டது. ஆனால் தையல்?

பெரியவர்கள் கவுனில் 90 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தையல், பொம்மைக்கு 30 சென்டிமீட்டர். நமக்கு ஒரு தையல் இரண்டரை மில்லிமீட்டர் இருக்கலாம். பொம்மைக்கு அப்படிப் போட்டால் சாக்கு மூட்டை தைத்த மாதிரி இருக்கும். அதில் பாதிதான் போட வேண்டும். அங்கே 360 தையல், இங்கே 240. துணி ஒன்பதில் ஒன்றானது, தையல் மூன்றில் இரண்டு மிச்சம் இருக்கிறது. துண்டுகளின் எண்ணிக்கை கொஞ்சமும் குறையவில்லை. எட்டு முக்கோணம் என்றால் பொம்மைக்கும் எட்டுத்தான்.

துணியின் தடிமனும் சுருங்காது. மடித்துத் தைத்த இடமெல்லாம் பருத்து நிற்கும். மெல்லிய மல் துணியும் பட்டும்தான் சொன்னபடி கேட்கும். கையை உருளையாகத் தைத்தபிறகு அதற்குள் என் இரண்டு விரல்தான் நுழையும், அதைத் திருப்பி எடுக்க வேண்டும். ஒரு கைக்கு 10 பொத்தான், முன்புறம் 16, ஆக 36. எல்லாம் நான்கு மில்லிமீட்டர். மிஷினில் காஜா போட வழியே இல்லை, ஒவ்வொன்றுக்கும் கையால் நூல் வளையம்.

முதல் கவுனை நான் கருஞ்சிவப்பு வெல்வெட்டில் தைத்தேன். ஒரு வாரத்தில் பொம்மையின் தோளில் சாயம் இறங்கிவிட்டது. பேத்தி ஒன்றும் சொல்லவில்லை, முகம் வாடிவிட்டது. அதிலிருந்து அடர்நிறத் துணி என்றால் சாயம் நிற்கும்வரை அலசி, உள்ளே வெள்ளை லைனிங் கொடுக்காமல் தைப்பதில்லை.

இப்படி ஒரு கவுனுக்கு 25 மணி நேரம் ஆகிறது. 10 மணி நேரம் நான். 15 மணி நேரம் என் பழைய மாணவி ஒருத்தி. வீட்டில் மிஷின் போட்டுத் தைத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவள். 3,500இல் துணி, நூல், பொத்தான் 500. மிச்சம் 3,000. மணிக்கு 120 ரூபாய். பேத்தியின் தோழி ஒருத்தி 1,500க்குக் கேட்டாள். அப்படிக் கொடுத்தால் மணிக்கு 40 ரூபாய். இப்போது சொல்லுங்கள், அநியாயம் எது?

"உங்களுக்குப் பிடித்துத்தானே செய்கிறீர்கள், காசு எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. எனக்குப் பாடம் நடத்தவும் பிடித்துத்தான் இருந்தது. அதற்காகச் சம்பளத்தை வேண்டாம் என்று சொன்னேனா? பெண் கையில் ஊசி இருந்தால் மட்டும் அது எப்படிப் பொழுதுபோக்கு ஆகிவிடுகிறது?

"சீனாவில் செய்தது 600 ரூபாய்க்குக் கிடைக்கிறதே" என்றும் சொல்கிறார்கள். தாராளமாக வாங்குங்கள், அதில் தப்பே இல்லை. நூற்றுக்கணக்கில் ஒரே அளவில் வெட்டித் தைத்ததன் விலை அது. அதைக் காட்டி, ஒன்றே ஒன்று தைக்கும் கையின் கூலியைக் குறைக்காதீர்கள்.

இவ்வளவு பேசுகிற நானும் யோக்கியம் இல்லை. என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "குழந்தைச் சட்டைதானே, பாதிக் கூலி வாங்கிக்கங்க" என்று டெய்லரிடம் பேரம் பேசியிருக்கிறேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டார். பள்ளியில் வாரத்துக்கு இரண்டு தையல் பீரியட். பரீட்சை நெருங்கினால், "கணக்கு முடியல டீச்சர்" என்று தையல் ஆசிரியையிடமிருந்து அதை வாங்கிக்கொள்வேன். அவரும் கொடுத்துவிடுவார். கொடுக்காமல் இருக்க முடியாது என்று இருவருக்குமே தெரியும். அந்த வகுப்பில் ஊசியை ஆசையாகப் பிடித்த பெண்தான் இன்று என்னோடு தைப்பவள். கணக்கு அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. சோறு போடுவது நான் பிடுங்கிய அந்தப் பீரியட்தான். அவளிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் எதுக்கு டீச்சர் இப்ப, அந்த நூலை எடுங்க" என்றாள்.

அதனால்தான் விலையில் பிடிவாதமாக இருக்கிறேன். பேத்தியின் தோழியிடமும் சொல்லிவிட்டேன்: "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லும்மா, எனக்குக் கோபமே இல்லை. குறைச்சுக் கேட்காதே." இரண்டு நாள் கழித்து முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டாள். பச்சைப் பட்டு, நீளக் கை வேண்டுமாம்.

அடுத்தமுறை டெய்லர் கடையில் "சின்னதுதானே" என்று வாய் திறக்குமுன், வீட்டில் ஒரு ஊசியில் நூலைக் கோத்துப் பாருங்கள். முடிந்தால் ஒரு சாண் நீளம் தைத்தும் பாருங்கள். அப்புறம் விலை பேசலாம்.