இரவில் கசியும் பை



சென்ற மூன்று திங்களாக இப்பகுதியில் நாம் எழுதவில்லை. அன்பர் பலர் காரணம் வினவினர். சிலர் வீட்டிற்கே வந்து கேட்டுச் சென்றனர். "உடல்நலம் சற்றுக் குன்றியிருந்தது" என்று மட்டுமே அவர்களுக்கு விடை கூறினோம். அது முழு உண்மையன்று. மறைத்த உண்மையை இன்று எழுதத் துணிந்தோம். இதே துன்பத்தை வாய்விட்டுச் சொல்லாமல் தாங்குவோர் நம் குடும்பங்களிலும் இருக்கக்கூடும் அன்றோ?

மலக்குடலில் தோன்றிய கட்டியை அகற்றும்பொருட்டு நமக்கு அறுவை செய்தனர். தைத்த இடம் ஆறும்வரை மலம் அவ்வழியே செல்லலாகாது. ஆதலின் சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றின் வலப்பக்கத்தே வெளிக்கொணர்ந்து வாய் ஒன்று அமைத்தனர். இதனை இலியோஸ்டமி என்பர். பெருங்குடலைக் கொண்டு அமைத்தால் அது கோலோஸ்டமி. சிறுநீர் வெளியேற அமைத்தால் யூரோஸ்டமி. வயிற்றின்மேல் காணும் அச்சிவந்த வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். அதனை அடக்கும் தசை இல்லை. எனவே, தோலில் ஒட்டும் தட்டுடன் கூடிய பை ஒன்றை இரவும் பகலும் அணிந்திருத்தல் வேண்டும்.

பகல் எளிதாகவே கழிந்தது. துன்பம் இரவில் வந்தது. வீடு திரும்பிய ஐந்தாம் நாள், இரவு இரண்டு மணியளவில், இடுப்பில் வெம்மை படர்வதை உணர்ந்து விழித்தோம். தட்டு ஒரு பக்கம் பிரிந்திருந்தது. வேட்டி, விரிப்பு, மெத்தை யாவும் நனைந்திருந்தன. மட்டாஞ்சேரி வீடுகளின் நெருக்கத்தை அன்பர் அறிவர். எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் சுவர் ஒன்றே. விளக்கைப் போடவும் நாணி, நம் இல்லத்தரசியார் இருட்டிலேயே அவ்விரிப்பை அலசினார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே நமக்கு மிகுந்த வேதனை தந்தது.

அதன்பின் நாம் செய்தவை யாவும் பேதைமை. இரவு உணவை விட்டோம். தண்ணீரைக் குறைத்தோம். படுத்தால் கசியும் என்று அஞ்சி, நாற்காலியில் அமர்ந்தபடியே விடியுமளவும் விழித்திருந்தோம். ஒரு வாரத்தில் நா வறண்டது. சிறுநீர் குறைந்து நிறம் அடர்ந்தது. எழுந்து நின்றால் தலை சுழன்றது. பெருங்குடல் செய்யும் பணிகளுள் ஒன்று நீரையும் உப்பையும் உடலுக்கு மீட்டுத் தருவது. இலியோஸ்டமி உடையார்க்கு அவ்வுதவி இல்லை. ஆகவே அவர்கள் நீரைக் குறைப்பது பேராபத்து. கசிவுக்கு அஞ்சி நாம் நீரிழப்பை விலைக்கு வாங்கிக்கொண்டோம்!

மீண்டும் மருத்துவமனை சென்றபோது, ஸ்டோமாப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் தட்டைக் கழற்றினார். கழற்றியதை எறிந்துவிடாமல் திருப்பிப் பார்த்தார். "ஐயா, கசிவு எவ்வழி போயிற்று என்பதை இத்தட்டே சொல்லும்" என்றார். ஒட்டுப்பசை கரைந்திருந்த தடம், நடுத்துளையிலிருந்து ஓரம்வரை, ஆற்றின் கிளைபோலத் தெரிந்தது. அவர் கண்டறிந்த குற்றங்கள் மூன்று.

முதலாவது, துளையின் அளவு. அறுவைக்குப் பின் ஸ்டோமா வீங்கியிருக்கும். ஆறு முதல் எட்டு வாரங்களில் அது படிப்படியாகச் சுருங்கும். நாமோ முதல் நாள் அளவுக்கே துளை வெட்டிவந்தோம். ஸ்டோமாவின் ஓரத்திற்கும் துளைக்கும் இடையே 2 அல்லது 3 மில்லிமீட்டர் இருந்தாற் போதும். அதற்கு மேல் விட்டால், வெறுந்தோலில் கழிவு பட்டுத் தோல் புண்ணாகும். புண்ணான ஈரத்தோலில் பசை ஒட்டாது. ஒட்டாத இடத்தில் மீண்டும் கசியும். ஆதலின் தொடக்க வாரங்களில் வாரம் ஒருமுறையேனும் அளந்து வெட்டுதல் வேண்டும்.

இரண்டாவது, தேங்காய் எண்ணெய்! வறண்ட தோலுக்கு இதம் என்று கருதி நாள்தோறும் தடவிவந்தோம். எண்ணெய், களிம்பு, பவுடர், எண்ணெய்ப் பசையுள்ள சோப்பு ஆகியவை இருக்கும் தோலில் எத்தட்டும் நில்லாது. வெறும் வெந்நீரால் துடைத்து, நன்கு உலர்த்தி, தட்டை ஒட்டியபின் உள்ளங்கையால் சில நிமிடம் அழுத்தி வெம்மை ஏற்ற வேண்டும். இடவப்பாதி மழைக்காலத்துப் புழுக்கமும் வியர்வையும் மிக்க இவ்வூரில் பசை விரைவில் தளரும். பையின் விலையை எண்ணி, "இன்னும் ஒரு நாள் ஓடட்டும்" என்று இழுத்தடிப்பது வீண் சிக்கனம்.

மூன்றாவது, வேட்டிக்கட்டு. இறுகிய கட்டு பையின் மேற்பகுதியை நெருக்கியதனால் கழிவு கீழே இறங்கவில்லை. வழியின்றித் தட்டினடியில் புகுந்தது. பெண்டிர்க்கு உள்பாவாடை நாடாவும் இவ்வாறே தீங்கு செய்யும்.

நிற்க. இரவை எதிர்கொள்ளும் முறையை இனிக் கூறுவோம். இரவு உணவை விடாது, படுக்கைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னரே முடித்துக்கொள்க. சோறு, வாழைப்பழம், உருளைக்கிழங்கு போன்றவை கழிவைச் சற்றுக் கெட்டிப்படுத்தும். பயறு, முட்டைக்கோஸ், வெங்காயம், சோடா முதலியன காற்றைப் பெருக்கிப் பையை ஊதச் செய்யும். படுக்குமுன் பையைக் காலி செய்க. பகலிலும் மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்வது நன்று. இலியோஸ்டமி உடையார் இரவில் ஒருமுறை எழுந்து காலி செய்யப் பழகுதல் நலம். கழிவு மிகுதியாயின் கொள்ளளவு மிக்க பையை இரவில் அணியலாம். யூரோஸ்டமி உடையார் நீண்ட குழாய் வழியே கட்டிலோரத்துப் பையோடு இணைத்துக்கொண்டு உறங்கலாம். புதிய தட்டு ஒட்டுவதைக் காலையில், உணவுக்கு முன், குடல் அடங்கியிருக்கும் வேளையில் செய்க.

மெத்தையின்மேல் ரப்பர் விரிப்பு ஒன்றும், அதன்மேல் பழைய துண்டு ஒன்றும் இடுக. அளவாக வெட்டிய தட்டு, பை, துணி, ஒரு குப்பைப் பை ஆகியவற்றைத் தலைமாட்டில் வைத்துக்கொள்க. கசிந்தால், விடியட்டும் என்று பிளாஸ்திரி போட்டு மூடவேண்டா. அடியில் தேங்கிய கழிவு தோலை அரித்துவிடும். உடனே மாற்றுதலே முறை.

ஸ்டோமா கருத்தாலும், இரத்தம் நில்லாது வழிந்தாலும், கழிவு பல மணி நேரம் நின்று வயிற்றுவலியும் வாந்தியும் கண்டாலும், நீராய்ப் பெருகித் தலை சுழன்றாலும், பொழுது புலரக் காத்திராமல் மருத்துவமனை செல்க. எவ்வளவு ஓ.ஆர்.எஸ். நீர் பருகலாம் என்பதை மருத்துவரிடம் முன்னரே கேட்டு வைத்துக்கொள்க.

இத்துன்பம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1954ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டுச் செவிலி எலிசே சோரன்சன் என்பார், ஸ்டோமா அமைக்கப்பெற்ற தம் உடன்பிறந்தாள் கசிவுக்கு அஞ்சி வெளியே செல்லாதிருப்பதைக் கண்டார். தோலில் ஒட்டிக்கொள்ளும் பை என்னும் எண்ணம் அவ்விரக்கத்தில் பிறந்தது. அமெரிக்க நாட்டின் கிளீவ்லாந்து நகரில், டாக்டர் ரூபர்ட் டர்ன்புல் 1950களில் தோலைக் காக்கக் கராயா என்னும் கோந்தைப் பயன்படுத்தினார். அது நம் நாட்டுக் காட்டு மரங்களிலிருந்து வடியும் கோந்து என்பதை அறிந்து வியந்தோம். அவரிடம் இலியோஸ்டமி செய்துகொண்ட நார்மா கில் என்ற அம்மையாரே பின்னர் அவருடன் இருந்து பிற நோயாளர்க்கு வழிகாட்டினார். பட்டவர் பட்டவர்க்குச் சொல்லும் மரபு அங்ஙனம் வளர்ந்தது. நம் நாட்டிலும் மும்பையில் 1975 முதல் இந்திய ஆஸ்டமி சங்கம் இயங்கிவருகிறது.

கேரள அரசு 2008இல் வலிதணிப்புப் பராமரிப்புக் கொள்கையை அறிவித்தது. அதன்வழி, உள்ளாட்சி மன்றங்களின் துணையோடு செவிலியர் வீடுதேடி வரும் ஏற்பாடு உண்டு. மலையாளம் சரளமாக வராதே என்று தயங்கவேண்டா. உங்கள் வார்டின் ஆஷா பணியாளரிடமோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ கேளுங்கள்.

இறுதியாக ஒன்று. ஃபோர்ட் கொச்சி வெளியில் உள்ள தோபிக்கானாவில், டச்சுக்காரர் காலந்தொட்டு இங்கு வாழும் நம் தமிழ் வண்ணார் குலத்தவர் தொழில் செய்வதை அன்பர் அறிவர். அங்குள்ள பெரியவர் ஒருவரே நெடுநாளாக எங்கள் வீட்டுத் துணியை வெளுப்பவர். ஒரு மாதமாக விரிப்பு மட்டும் ஏன் வரவில்லை என்று அவர் கேட்டார். மறைக்க இயலாமல் சொல்லிவிட்டோம். அவர் முகம் சுளிக்கவில்லை. "கறையில்லாத துணி எங்களிடம் வருவதுண்டா ஐயா? குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசிக் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்.

அன்றிரவு, பல நாட்களுக்குப் பின், நாற்காலியை விட்டுக் கட்டிலில் படுத்தோம். இப்போதும் எப்போதேனும் கசிவதுண்டு. விளக்கைப் போடுகிறோம், மாற்றுகிறோம், மீண்டும் உறங்குகிறோம். உங்கள் இல்லத்தில் எவரேனும் இரவெல்லாம் நாற்காலியில் விழித்திருப்பாராயின், இப்பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பேசத் துணை வேண்டுவோர் சங்கத்தின் அடுத்த கூட்டத்திற்கு வருக. நாமும் அங்கே இருப்போம்.