மாதவி பெற்றவள் யார் மகள்?

தமிழ்க் கதையுலகில் கணிகைக்கு இடமில்லை என்று எவரும் குறை கூற இயலாது. இடம் தாராளமாகவே தரப்பட்டிருக்கிறது. நல்ல குடும்பத்தைக் குலைப்பதற்கு அவள் வேண்டும். நாயகனின் பெருந்தன்மையைப் புலப்படுத்துவதற்கு அவள் வேண்டும். மனைவியின் கற்புக்கு ஒளி கூட்டுவதற்கு நிழலாக அவள் வேண்டும். கதை முடியும் தறுவாயில் நெஞ்சுருகி மடிந்து, வாசகர்களின் கைக்குட்டையை நனைப்பதற்கும் அவளே வேண்டும். இத்தனை வேலைகளைக் கொடுத்த நம் எழுத்தாளப் பெருமக்கள், "அம்மா, உனக்கு என்ன நேர்ந்தது?" என்று மட்டும் அவளிடம் கேட்டதில்லை. கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதனைத் தமிழகத்தாரைச் சாடுவதற்காக எழுதவில்லை. நம் மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளிலும் இந்நோய் உண்டு. போட்டிகளுக்கு வந்த கதைகளைப் படித்துப் புள்ளியிடும் பொறுப்பு பலமுறை எனக்கு வாய்த்திருக்கிறது. பட்டணத்துக்குப் போய் வழிதவறிய தோட்டத்துப் பெண் ஒருத்தி ஆண்டுதோறும் அக்கதைகளில் தவறாமல் வருவாள். மூன்றாம் பக்கத்தில் அவள் உதட்டுச் சாயம் பூசுவாள். ஐந்தாம் பக்கத்தில் நோயுறுவாள். ஆறாம் பக்கத்தில் இறப்பாள், அல்லது இலட்சிய இளைஞன் ஒருவன் அவள் கழுத்தில் தாலி கட்டுவான். சாவும் தாலியும் அன்றி மூன்றாவது முடிவு ஒன்றை நான் கண்டதில்லை. அவளுடைய இளமைப் பருவம், பெயர், தாய், கனவில் வரும் அச்சம் எதுவும் அப்பக்கங்களில் இல்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? மாதவியை நாம் படித்த முறையிலிருந்து வந்தது என்பதே என் துணிபு. கோவலன் குடும்பத்தைக் கெடுத்தவள் மாதவி என்று பட்டிமன்ற மேடைகளில் முழங்குகிறார்கள். கோயில் திருவிழாச் சொற்பொழிவுகளிலும் முழங்குகிறார்கள். முழங்குவோரில் எத்தனை பேர் அரங்கேற்று காதையை ஒருமுறையேனும் பொறுமையாகப் படித்திருப்பர்?

இளங்கோவடிகள் அங்கே என்ன சொல்லியிருக்கிறார் என்று பாருங்கள். மாதவி ஏழாண்டுகள் ஆடலும் பாடலும் பயின்றாள். பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் அவையில் அரங்கேறினாள். தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெற்றாள். உடனே என்ன நடந்தது? அப்பரிசின் மதிப்பையே விலையாகக் கொண்ட மாலை ஒன்று கூனி ஒருத்தியின் கையில் கொடுக்கப்பட்டது. செல்வ இளைஞர்கள் உலவும் தெருவில் அவள் நிறுத்தப்பட்டாள். மாலையை வாங்குபவர் மாதவிக்கு உரியவர் ஆவார். கோவலன் வாங்கினான்.

பன்னிரண்டு வயது! ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அஃது ஆறாம் ஆண்டு மாணவியின் வயது. அவ்வயதில் தன் கலைக்குக் கிடைத்த பரிசே தன் விலைச்சீட்டாகத் தெருவில் தொங்கியதை ஒரு சிறுமி எவ்வாறு தாங்கியிருப்பாள்? ஈராயிரம் ஆண்டுப் பெருமை பேசும் நாம் இக்கேள்வியை எழுப்பினோமா? அடிகள் நிகழ்ச்சியை ஒளிக்கவில்லை. வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாமோ அதனைத் தாண்டிக் குதித்துக் கானல்வரிக்கு ஓடிவிடுகிறோம். ஊடலில் பிழை யாருடையது என்று தீர்ப்புக் கூற அமர்ந்துவிடுகிறோம். அத்தீர்ப்பையும் கோவலனே தந்துவிட்டான். மதுரைக்குச் செல்லும் வழியில் கோசிகன் கொண்டுவந்த மாதவியின் கடிதத்தைப் படித்தவன், அவள்மீது தவறில்லை, தவறு தன்னுடையதே என்று தெளிகிறான். குற்றம் சாட்டியவனே வழக்கைத் திரும்பப் பெற்ற பின்னரும் தண்டனையைத் தொடர்ந்து நிறைவேற்றுகிறவர்கள் நாம்.

இதனினும் கொடியதொரு செய்தி மணிமேகலையில் இருக்கிறது. கோவலன் கொலையுண்ட பின் மாதவி பௌத்தத் துறவு பூண்கிறாள். இந்திர விழாவுக்கு ஆடவருமாறு தாய் சித்திராபதி தோழி வயந்தமாலையை அனுப்புகிறாள். மாதவி மறுக்கிறாள். மகளையும் அனுப்ப மறுக்கிறாள். அம்மறுப்புக்கு அவள் கூறும் காரணத்தைக் கவனியுங்கள். மணிமேகலை கண்ணகியின் மகளாம்! பத்தினியின் மகள் ஆதலால் தவநெறிக்குரியவளே அன்றிக் கணிகைத் தொழிலுக்குரியவள் அல்லளாம். பெற்றவள் சொல்கிறாள் இதனை. தன் மகளைத் தன் குலத்தொழிலிலிருந்து காப்பதற்கு ஒரு தாய்க்கு இருந்த ஒரே வழி, "இவள் என் மகள் அல்லள்" என்று சொல்வதே.

இப்பகுதியை மாதவியின் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகக் கூறிக் கைதட்டல் பெறுவோர் உளர். எனக்கோ நெஞ்சு பதறுகிறது. ஒருத்தியின் தாய்மையையே அடைமானமாக வாங்கிக்கொண்டுதான் அவள் மகளுக்கு மானம் வழங்க முடியும் என்ற சமுதாயத்தைப் பற்றியல்லவா நாம் பேச வேண்டும்? உள்ளக்காயம் என்று இக்காலத்து உளவியலார் பல நூல்கள் எழுதுகின்றனர். "நீ யார்?" என்ற கேள்விக்குத் தன் பெயரைச் சொல்ல இயலாமையைவிடப் பெரிய காயம் வேறுண்டோ?

பெயரிழத்தல் என்னும் இக்கொடுமையை முதன்மைப் பொருளாக்கிய நாவல் ஒன்று நம் மொழிக்கு வெளியே இருக்கிறது. 1899இல் மிர்சா ஹாதி ருஸ்வா உருது மொழியில் எழுதிய உம்ராவ் ஜான் அதாவை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். 1981இல் வந்த இந்திப் படத்தைப் பார்த்துவிட்டு நாவலைப் படித்ததாக எண்ணிக்கொள்ள வேண்டா. பைசாபாத்துச் சிறுமி அமீரன், தந்தைமீது பகைகொண்ட அயலான் ஒருவனால் கடத்தப்பட்டு, இலட்சுமணபுரியில் கணிகையர் இல்லத் தலைவி ஒருத்தியிடம் விற்கப்படுகிறாள். அங்கே அவள் பெயர் மாற்றப்படுகிறது. அவளோடு அடைத்து வைக்கப்பட்டிருந்த மற்றொரு சிறுமி வேறோர் இல்லத்துக்கு விற்கப்படுகிறாள். ஆண்டுகள் பல கழித்து இருவரும் சந்திக்கும்போது, இவள் பேர்பெற்ற கணிகை. அவளோ மதிப்புக்குரிய பிரபுவின் இல்லத்தரசி! கணிகையையும் குலமகளையும் பிரித்தது பிறவியன்று, ஒழுக்கமுமன்று. எந்த வாசலில் விற்றார்கள் என்பதே. இதற்கு மேல் ஒரு சொற்பொழிவு தேவையா?

பின்னர் அவள் பிறந்த ஊருக்கே ஆட வருகிறாள். வீட்டருகே நின்ற பழைய புளியமரம் நிற்கிறது, தாய் இருக்கிறாள், அடையாளம் கண்டு அழுகிறாள். ஆனால், உடன்பிறந்தவன் கத்தியோடு வருகிறான். குடும்ப மானத்தைக் கெடுத்தாளாம்! கடத்தியவனைத் தேடிப் போகாத கத்தி கடத்தப்பட்டவளைத் தேடி வருகிறது. ருஸ்வா ஆண்மகன்தாம். எனினும் அவளையே பேசவிட்டுத் தாம் கேட்பவராக அமர்ந்தார். எழுத்தாளன் கற்க வேண்டிய அடக்கம் அது.

நம் பக்கம் திரும்புவோம். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய தில்லானா மோகனாம்பாளை அறியாத மலேசியத் தமிழர் குறைவு. 1968இல் வந்த திரைப்படத்தைத் தோட்டத்துத் திரைகளில் கண்டு களித்த தலைமுறை நாங்கள். அக்கதையின் சுவையை நான் மறுக்கவில்லை. ஆயினும் எண்ணிப் பாருங்கள்: அப்பெண் எத்தனைமுறை தன் தூய்மையை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது! நாகசுரக் கலைஞர் ஐயுறுவதும் அவள் கண்ணீர் வடிப்பதுமாகவே கதை நகர்கிறது. மகளைச் செல்வரிடம் சேர்க்கத் துடிக்கும் தாயோ நகைப்புக்குரிய பாத்திரமாகிவிடுகிறாள். அத்தாயும் ஒருகாலத்தில் மகளாக இருந்தவள்தானே? அவளை யார் எந்தச் செல்வரிடம் சேர்த்தார்கள்? சித்திராபதிக்கும் இதே அநீதிதான். விற்கும் தாயை அரக்கியாக்கிவிட்டால், வாங்கும் ஆடவனைப் பற்றிப் பேச வேண்டிய சங்கடம் நமக்கில்லை.

உள்ளிருந்து பேசியவர் ஒருவர் உண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) இளமையிலேயே வறுமையின் காரணமாகத் தாசி ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டு வளர்ந்தவர். அவ்வாழ்வை உதறி வெளிவந்து, அம்முறையை ஒழிக்க ஊர் ஊராகச் சென்று போராடினார். 1936இல் அவர் வெளியிட்ட நாவல், தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர். தலைப்பு வலையைத் தாசியின் கையில் கொடுக்கிறது என்பது உண்மை. அதைக் கொண்டு, "பாருங்கள், அவரே சொல்லிவிட்டார்" என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் நூலுக்குள் நுழைய வேண்டும். அக்குலத்துப் பெண்களே திரண்டு அம்முறைக்கு முடிவுகட்ட முனைவதை அங்கே காணலாம். மீட்பனாக வந்து தாலி கட்டும் இளைஞனுக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. நம் இலக்கிய வரலாற்று நூல்களில் இந்நாவலுக்கு நெடுங்காலம் கிடைத்த இடமோ, பெயர் சுட்டும் ஒற்றை வரிதான். 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியபோது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நெடும்போராட்டம் வென்றது. அவ்வம்மையாரின் தாயாரும் அம்மரபில் வந்தவரே.

எதிர்த் திசையில் நின்றவரையும் சொல்லத்தான் வேண்டும். பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) ஒழிப்புச் சட்டத்தை எதிர்த்தவர். தம் குலத்தின் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என அஞ்சியவர். எனக்கு முத்துலட்சுமி அம்மையாரின் பக்கமே நியாயமாகப் படுகிறது; பொட்டுக்கட்டப்பட்ட சிறுமியிடம் எவரும் சம்மதம் கேட்டதில்லை. ஆனால், நாகரத்தினம்மாள் செய்த ஒரு செயலுக்காக இலக்கிய உலகம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் விளங்கிய கணிகை முத்துப்பழனி, இராதிகா சாந்தவனம் என்ற தெலுங்குக் காவியம் பாடினார். பெண்ணின் வேட்கையைப் பெண்ணே பாடியது அறிஞர் வீரேசலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை, கண்டித்து எழுதினார். நாகரத்தினம்மாள் 1910இல் அந்நூலைத் திருத்தமாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று கூறி வெள்ளையர் அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்தது. புலவர்கள் பாடிய வருணனைகள் காவியச் சுவை; கணிகை தன் வாயால் பாடினால் ஆபாசம்! அவளைப் பற்றி எவர் வேண்டுமானாலும் எழுதலாம், அவள் மட்டும் எழுதக்கூடாது என்னும் சட்டம் இதனினும் தெளிவாக வேறெங்கும் வெளிப்பட்டதில்லை.

"இதையெல்லாம் தோண்டுவது எதற்கு? தாசிமுறை ஒழிந்தது, நாமோ மலேசியத்தில் இருக்கிறோம்" என்று நண்பர்கள் கேட்பர். எங்கள் கோலசிலாங்கூர் வட்டாரத்துப் பள்ளி விழா ஒன்றுக்கு வாருங்கள். புக்கிட் பெலிம்பிங்கிலாயினும் வேறெந்தத் தோட்டத்திலாயினும், செம்பனைக்கு நடுவே ஒரு சிறு மண்டபத்தில், சலங்கை கட்டிய சிறுமியர் பரதநாட்டியம் ஆடுவர். பெற்றோர் முகத்தில் பெருமிதம் வழியும். அந்த ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் யார்? சதிர் என்ற பெயரில் அதனைக் காத்த பெண்கள்தாம். 1930களில் கலைக்குப் புதுப்பெயர் சூட்டி மேடையேற்றினார்கள்; காத்தவர்களைப் படிக்கட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். விழா முடிந்த மறுநாள் திடலில் சண்டை மூளும்போது, ஒரு சிறுமி மற்றொருத்தியை நோக்கி வீசும் வசைச்சொல் என்ன தெரியுமா? அந்தச் சொல்தான்! பொருள் அறியாமலே வீசுகிறாள். வீட்டில் கேட்டதை வீசுகிறாள். கலையை எடுத்துக்கொண்டு, கலை கொடுத்தவளின் பெயரைக் கெட்ட வார்த்தையாக்கிய சாதனை நம்முடையது.

நமக்கு வேறொரு கடமையும் இருக்கிறது. கங்காணி முறையில் ஆட்கள் வந்த காலத்தில் தோட்டங்களில் ஆண்கள் மிகுதி, பெண்கள் குறைவு. லயங்களில் வெட்டுக்குத்து நேர்ந்தால், கூலியையோ சாராயத்தையோ நெருக்கடியையோ குறை கூறாமல், தமிழ்ப் பெண்ணின் ஒழுக்கக்கேடே காரணம் என்று துரைமாரும் அதிகாரிகளும் எழுதிவைத்தார்கள். நம் பாட்டிமாரைப் பற்றித்தான் எழுதினார்கள். அவர்கள் விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்கள். தங்களைப் பற்றிய அவ்வேடுகளைப் படிக்கவோ மறுக்கவோ இயலாதவர்கள். பிறர் எழுதிய பழிக்குள் வாழ்வது எத்தகையது என்பது நம் குடும்பங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தும், நம் கதைகளில் அதே துரையின் பேனாவால் வேறொரு பெண்ணை நாம் எழுதுகிறோம்.

இப்படிச் சொன்னால், "பரத்தமையைப் போற்றச் சொல்கிறீரா?" என்று ஒரு கூட்டம் சீறும். புண்ணைக் காட்டுவது நோயைப் போற்றுவது ஆகாது. ஜி. நாகராஜன் 1963இல் குறத்தி முடுக்கு எழுதியபோதும் இப்படித்தான் சீறினார்கள். அப்பெண்களை அவர் தேவதைகளாக்கவுமில்லை, பேய்களாக்கவுமில்லை. சிறுகதைப் பட்டறைகளில் நம் இளைஞர்களுக்கு உத்திகளைப் போதிக்கிறோம். அவற்றோடு, பாத்திரத்துக்கு ஒரு பிறந்த ஊரும் இட்ட பெயரும் கொடுக்கச் சொல்லித் தரலாம். பேசத் தொடங்கியவளை ஆறாம் பக்கத்தில் கொன்றுவிடாமலிருக்கச் சொல்லலாம்.

எழுதத் துணிவோர்க்கு ஒரு காட்சி காத்திருக்கிறது. மாதவி வயந்தமாலையிடம் மறுப்புரைக்கும் வேளையில், மணிமேகலை அருகே அமர்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருக்கிறாள். கேட்ட சொற்கள் செவியைச் சுட, அவள் கண்ணீர் உதிர்ந்து மாலையை நனைக்கிறது. தந்தையும் தாயும் உற்ற துயரை எண்ணி அழுதாள் என்கிறார் சாத்தனார். அங்கே தாய் என்று அவர் சுட்டுவது கண்ணகியை. பெற்ற தாயோ பக்கத்தில் இருக்கிறாள். மகளின் கண்ணீரைத் துடைக்கிறாள். நனைந்த மாலை தூய்மை இழந்தது, புதுமலர் கொய்து வா என்று அனுப்புகிறாள். மலர்வனத்துக்குப் போகும் வழியில் அச்சிறுமி தன்னை யார் மகள் என்று எண்ணிக்கொண்டு நடந்தாள்?

இதுவரை அதனை எவரும் எழுதக் கண்டிலேன்.