அந்தி மேகத்துக்கு ஒரு பெயர்

பெயர் தெரிந்துவிட்டால் அழகு குறைந்துவிடும் என்றொரு நம்பிக்கை நம் இலக்கிய வட்டாரத்தில் உண்டு. மாலை வானத்தில் ஒரு விநோத மேகத்தைக் கண்டு வியப்பது கவிஞனின் வேலை. அது இன்ன வகை, இன்ன உயரம் என்று சொல்வது வானிலை ஆய்வு மையத்தின் வேலை என்று பிரித்து வைத்திருக்கிறோம். இந்தப் பிரிவினை தவறானது என்பது என் எண்ணம். அது கவிதையைக் காப்பாற்றவில்லை. பார்ப்பதிலிருந்து நமக்கு விடுப்பு மட்டுமே வாங்கித் தந்திருக்கிறது.

வகுப்பில் நிகண்டுகளைப் பற்றிப் பேசும்போது மேகத்துக்கு எத்தனை சொற்கள் என்று கேட்பேன். முகில், கொண்டல், எழிலி, மஞ்சு, மங்குல், கார் என்று மாணவர்கள் அடுக்குவார்கள். சன்னலுக்கு வெளியே தெரிவதைக் காட்டி, இது இவற்றில் எது என்று கேட்டால் அமைதி. குறை அவர்களுடையதன்று. இந்தச் சொற்களை ஒருபொருட் பன்மொழியாகவே நாம் கற்பித்து வந்திருக்கிறோம். எழிலியை எழுவதோடும், கொண்டலை நீரைக் கொள்வதோடும் இணைத்துப் பொருள் சொல்வதுண்டு. அவ்விரண்டும் ஒரு காலத்தில் இருவேறு காட்சிகளாக இருந்திருக்கக்கூடும். இன்று அவை யாப்புக்கு ஏற்ப எடுத்துப் போடும் சொற்கள்.

தமிழ் மரபு எப்போதும் இப்படி இருந்ததில்லை. தொல்காப்பியத்தின் மரபியல், புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையதை மரம் என்றும் பிரிக்கிறது. ஒவ்வொன்றின் உறுப்புகளுக்கும் உரிய சொற்களைத் தனித்தனியே வகுக்கிறது. தென்னையையும் தேக்கையும் வெட்டிப் பார்த்தவர்களின் அறிவு அது. காற்றையும் திசை பார்த்துக் கொண்டல், கோடை, வாடை, தென்றல் என்று பிரித்தார்கள். மேகத்தில் மட்டும் அந்தக் கூர்மை ஏன் சொற்குவியலாகக் கரைந்தது என்பது தமிழாசிரியர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி.

மரபியல் செடிகொடிகளுக்குச் செய்ததை மேகங்களுக்குச் செய்தவர் லண்டனில் மருந்து தயாரித்து வந்த லூக் ஹோவர்ட். 1802இல் நண்பர்கள் கூடிய ஒரு சிறு அவையில் அவர் உரை நிகழ்த்தினார். மயிரிழை போன்றது சிர்ரஸ், குவியல் போன்றது குமுலஸ், விரித்த படுக்கை போன்றது ஸ்ட்ராடஸ், மழை தருவது நிம்பஸ். ஒன்று மற்றொன்றாக மாறும்போது இரு பெயர்களையும் இணைத்துக்கொள்ளலாம். அதே ஆண்டில் பிரான்ஸில் லமார்க்கும் தம் மொழியில் மேகங்களுக்குப் பெயர் சூட்டினார், அவை நிலைக்கவில்லை. கணந்தோறும் உருமாறும் ஒரு பொருளை, அந்த மாற்றத்தையும் சேர்த்தே வகைப்படுத்த முடியும் என்று காட்டியதே ஹோவர்டின் சாதனை.

இதனால் கவிதை செத்துப்போயிற்றா? கதே ஹோவர்டைப் போற்றிக் கவிதை எழுதினார். தாமே மேகங்களைக் கவனித்துக் குறிப்பெடுத்தார். ஓவியர் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் ஹாம்ஸ்டெட் குன்றில் இருந்து வானத்தை மட்டுமே திரும்பத் திரும்ப வரைந்து, பல படங்களின் பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகளால் அவருடைய வானம் ஒரு துளியும் வறண்டுவிடவில்லை.

பெயர் சூட்டும் வேலை முடிந்துவிடவும் இல்லை. 2006இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கொந்தளிக்கும் கடலைக் கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது போன்ற மேகப் பரப்பு ஒன்று படம் பிடிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்தில் மேக ஆர்வலர் சங்கத்தைத் தொடங்கியிருந்த கேவின் பிரெட்டர்-பின்னி, இதற்குத் தனிப்பெயர் வேண்டும் என்று வாதிட்டார். 2017இல் உலக வானிலை அமைப்பு தன் மேக வரைபட நூலின் புதிய பதிப்பில் ஆஸ்பெரிடாஸ் என்ற பெயரை ஏற்றது. லத்தீனில் அதற்குக் கரடுமுரடு என்று பொருள். சாதாரண மனிதர்கள் எடுத்த படங்களே அந்தப் பெயருக்கு வழிவகுத்தன என்பதை நாம் மறக்கக்கூடாது.

நம்மிடையே நடப்பது வேறு. விநோத மேகத்தின் படம் கைப்பேசியில் வந்த மறுகணம் அது பறக்கும் தட்டாகிறது, தெய்வத்தின் கையாகிறது, பேரழிவின் அறிகுறியாகிறது. மலையைத் தாண்டும் காற்று அலையாக எழுந்து தாழும். அந்த அலையின் முகட்டில் ஈரம் குளிர்ந்து மேகமாகும். காற்று ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்க, மேகம் மட்டும் அசையாமல் நிற்கும். அதுதான் வில்லை மேகம், பலரும் பறக்கும் தட்டென்று மயங்கியது. இந்த விளக்கம் வதந்தியைவிட வியப்புக் குறைந்ததா என்ன?

அடையாளம் காணக் கருவி எதுவும் வேண்டாம். சூரியன் மறைந்த பின் தாழ்ந்த மேகங்கள் முதலில் சாம்பல் நிறம் கொள்ளும். மிக உயரத்துக் கீற்றுகள் கடைசிவரை சிவந்திருக்கும். எது பிந்தி அணைகிறதோ அது உயர்ந்தது. உயர வானில் சிறு உருண்டைகளாகப் பரந்த மேகத்தைக் கண்டால் கையை முழுதும் நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள். உருண்டை விரலுக்குள் அடங்கினால் கீற்றுத்திரள். அதைவிடப் பெரிதாய் மூன்று விரல் அகலத்துக்குள் அடங்கினால் இடைப்பட்ட திரள். மேகத்தின் அடியில் பைபையாகத் தொங்குவதை லத்தீனில் மம்மா என்பார்கள். தாழ்ந்த வெயில் பக்கவாட்டில் விழுவதால் அதன் புடைப்புகள் அந்தியில்தான் துலக்கமாகத் தெரியும். அதை நாம் மடிமுகில் என்று சொன்னால் பால் சுரக்கும் மாட்டை அறிந்த எவருக்கும் விளங்கும்.

கீற்று, திரள், படை என்று நம் பாடநூல்களில் நல்ல சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. தேர்வு முடிந்ததும் அவற்றை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். படித்தவர்கள் விட்டதைக் கிராமத்து வழக்கு ஓரளவு காத்திருக்கிறது. நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டியிருக்கிறது என்பார்கள். 'அகல வட்டம் பகல் மழை' என்பார்கள். உயரத்துப் பனித்துகள்கள் உண்டாக்கும் பெரிய வட்டம் வேறு, நீர்த்துளிகள் நிலவை ஒட்டி உண்டாக்கும் சிறு வளையம் வேறு. அந்த 'அகல' என்ற ஒரு சொல்லில் தலைமுறைகளின் கவனிப்பு இருக்கிறது.

இதெல்லாம் ரசனைக்காக மட்டும் என்று கொள்ள வேண்டாம். இந்தியாவில் மின்னல் தாக்கி ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். வயலில் வேலை செய்வோர் அவர்களில் மிகப் பலர். கோடை மாலையில் ஒரு திரள் மேகம் மளமளவென்று உயர்ந்து, உச்சி கொல்லன் பட்டடைபோலத் தட்டையாகப் பரவினால் அது கார்திரள். தலைக்கு மேல் ஒரு துளி மழை விழுவதற்கு முன்பே அதன் மின்னல் தொலைவில் விழக்கூடும். 'வானம் மப்பும் மந்தாரமுமாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லத் தெரிந்தவருக்கும், 'அது கார்திரள், கரையேறு' என்று சொல்லத் தெரிந்தவருக்கும் உள்ள வேறுபாடு சில வேளைகளில் ஓர் உயிர்.

எல்லோரும் லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தமிழில் எழுதுகிறவர்கள், 'மேகங்கள் அலைந்தன' என்று எழுதுமுன் எந்த மேகங்கள் என்று ஒருமுறை தங்களையே கேட்டுக்கொண்டால் போதும். நிகண்டில் உறங்கும் சொற்களில் இரண்டொன்றாவது அப்போது தமக்குரிய மேகத்தைத் தேடிக்கொள்ளும்.