ஆமைக்குச் சோறு போதுமா?

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா” என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. அது ஆமையன்று, ஆம்பி, அதாவது காளான் என்று திருத்தம் சொல்லுவோரும் உண்டு. எப்படியாயினும், மழைக்காலத்தில் ஆமை ஒன்று வாசற்படி ஏறினால் விளக்குமாற்றைத் தேடிய காலம் இருந்தது. இன்றோ அதே ஆமை கண்ணாடித் தொட்டியில் ஏறி வரவேற்பறைக்கே வந்துவிட்டது. வீட்டில் ஆமை இருந்தால் செல்வம் சேரும் என்கிறார் ஒருவர். பிள்ளை பிறந்தநாளுக்கு ஆசைப்பட்டாள் என்கிறார் மற்றொருவர். பயந்த காலத்தில் ஆமைக்கு ஒரு நன்மை இருந்தது: அதை விரட்டினார்களேயன்றிப் பட்டினி போடவில்லை.

பட்டினி என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறோம். தட்டு நிறையச் சோறு இருந்தும் பட்டினி கிடக்க முடியும் என்பதை மனையியல் வகுப்பில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். வயிறு நிறைவது வேறு, உடல் வளர்வது வேறு. சரிவிகித உணவு என்று படம் வரைந்து வண்ணம் தீட்டி மதிப்பெண் வாங்கிய நாம், வீட்டுக்குப் போனதும் ஆமையின் தொட்டியில் நான்கு பருக்கை தயிர்ச்சாதத்தைப் போட்டுவிட்டுக் கைகழுவுகிறோம். சிலர் கையைக்கூடக் கழுவுவதில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறோம்.

முதலில், இந்த ஆமை யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்போம். செங்கல்பட்டிலும் சென்னையிலும் மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் சின்னஞ்சிறு பச்சை ஆமை நம் ஊர் ஏரியில் பிறந்ததன்று. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு ஒன்று தெரியும். அதுவே அடையாளம். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை அதன் தாயகம். கடையில் இருக்கும்போது தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். நன்றாக வளர்ந்த பெண் ஆமையோ 25 சென்டிமீட்டருக்கும் மேலே போகும், சாப்பாட்டுத் தட்டின் அளவு. ஒழுங்காகப் பேணினால் 20 முதல் 40 ஆண்டு வரை உயிர் வாழும். ஆறாம் வகுப்பில் படிக்கும் தங்கை ஒருத்தி வாங்கும் ஆமை, அவள் படித்து முடித்து, வேலைக்குப் போய், மணமாகி, அவள் மகள் ஆறாம் வகுப்புக்கு வரும்போதும் பசித்துக் கழுத்தை நீட்டக்கூடும். கடைக்காரர் இதைச் சொல்லி விற்பதை நாங்கள் கேட்டதில்லை.

நம் ஏரி குளங்களில் உள்ள பாலாமையையோ, காட்டோரத்து நட்சத்திர ஆமையையோ பிடித்து வளர்க்கலாமே என்று யாரும் எண்ண வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பாலாமைக்கு அதன் வீட்டிலேயே நல்ல சாப்பாடு கிடைக்கிறது. நத்தை, தவளை, சிறுமீன், நீர்ச்செடி, செத்து மிதப்பது எல்லாவற்றையும் தின்று ஏரியைத் துப்புரவு செய்யும் வேலையையும் அது சம்பளமின்றிப் பார்க்கிறது.

ஆகவே பேச்சு அந்தச் சிவப்புக்கோட்டு ஆமையைப் பற்றியதே. குட்டியாக இருக்கும்போது அது பெரும்பாலும் புலால் உண்ணும். பூச்சி, புழு, தலைப்பிரட்டை, சிறுமீன் இவையே அதன் இயல்பான உணவு. வளர வளர நீர்ப்பாசிக்கும் இலைக்கும் மாறிக்கொள்ளும். குட்டிக்கு நாள்தோறும் உணவு வேண்டும். வளர்ந்ததற்குப் புலால் உணவு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை போதும், இலைதழை மட்டும் தினமும் இருக்கலாம். அளவு எவ்வளவு என்றால், ஒரு வேளைக்கு அதன் தலையளவு என்பது பலரும் சொல்லும் எளிய கணக்கு. நீருக்குள் இருந்தால்தான் அதனால் விழுங்க முடியும். தரையில் விட்டு ஊட்டுவது வீண்.

கடைகளில் விற்கும் காய்ந்த இறால் டப்பாவே பல வீடுகளில் மூன்று வேளை உணவாக இருக்கிறது. விடுதியில் மூன்று நாள் தொடர்ந்து ஒரே குழம்பு வந்தால் நாம் எப்படி முகம் சுளிக்கிறோம்! ஆமையால் சுளிக்க முடியாது. காய்ந்த இறாலை எப்போதாவது தின்பண்டமாகக் கொடுக்கலாமே தவிர, அதையே உணவாக வைத்தால் உயிர்ச்சத்து ‘ஏ’ குறைந்து கண்ணிமைகள் வீங்கி மூடிக்கொள்ளும். கண் தெரியாத ஆமை உணவைத் தேடாது. உண்ணாததால் மேலும் நலியும். “திடீரென்று செத்துவிட்டது” என்று தோழியர் சொல்லும் ஆமைகளுள் பல திடீரென்று சாகவில்லை, பல மாதமாகச் செத்துக்கொண்டிருந்தன என்பதே எங்கள் கருத்து. பரங்கிக்காய்த் துருவல், காரட், முருங்கை இலை என்று நம் அடுப்படியிலேயே கிடக்கும் பொருள்களில் அந்தக் குறையைத் தீர்க்கும் சத்து இருக்கிறது.

அடுத்தது ஓடு. ஆமையின் ஓடு எலும்பால் ஆனது. அதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். இறைச்சித் துண்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு மிகக் குறைவு. ஆமைக்குத் தேவையான விகிதமோ இதற்கு நேர்மாறு: பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் சுண்ணாம்பு இரண்டு பங்கு. வெறும் இறைச்சி தின்று வளரும் குட்டியின் ஓடு விரலால் அழுத்தினால் குழியும் அளவுக்கு மென்மையாகிவிடும். கீரைதானே என்று பசலைக்கீரையைக் கட்டுக்கட்டாகப் போடுவதும் சரியன்று. அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்பைக் கட்டிப்போட்டு உடலில் சேரவிடாது. நம் கடற்கரையிலோ இதற்கு இலவச மருந்து கிடக்கிறது. மாமல்லபுரம், கோவளம் மணலில் வெள்ளையாக, நீள்வட்டமாக, நகத்தால் கீறினால் மாவாக உதிரும் ஒன்றை நாம் எல்லோரும் பொறுக்கி விளையாடியிருக்கிறோம். அது கணவாயின் உள்ளோடு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கொடுப்பார்கள். நன்றாகக் கழுவிக் காயவைத்த துண்டு ஒன்றைத் தொட்டியில் மிதக்கவிட்டால் ஆமை வேண்டும்போது கொறித்துக்கொள்ளும். இதைப் போல எளிய செலவு வேறில்லை.

சுண்ணாம்பு வயிற்றுக்குள் போனால் மட்டும் போதாது, உடலில் சேர உயிர்ச்சத்து ‘டி’யும் வேண்டும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் ஆமை அதைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலால் பயனில்லை, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. வரவேற்பறை மூலையில் நீல விளக்கின்கீழ் வைத்த ஆமைக்கு எவ்வளவு கடல்நுரை கொடுத்தாலும் பாதி வீண். காலை வெயிலில், ஏறி உட்கார ஒரு கல்லும் ஒதுங்க ஒரு நிழலும் வைத்து, காக்கையிடமிருந்து காக்க ஒருவர் பக்கத்திலிருக்க, சிறிது நேரம் வெளியே வைக்க வேண்டும். செங்கல்பட்டில் வெயிலுக்கா பஞ்சம்? ஆயினும் சித்திரை மாத நடுப்பகலில் வைத்து வேகவிட்டுவிடாதீர்கள்.

“எதைப் போட்டாலும் ஆசையாகச் சாப்பிடுகிறதே” என்று அம்மாக்கள் சொல்லுவார்கள். சாப்பிடும். ஆள் நிழல் பட்டாலே நீந்தி வந்து வாயைத் திறக்கும். மிட்டாய்க் கடையைக் கண்ட குழந்தையும் அப்படித்தான். ஆசையைத் தேவையாக எடுத்துக்கொண்டு பிஸ்கட்டும் ரொட்டியும் இட்டிலியும் போட்டால், மிச்சம் தொட்டியில் அழுகி, அந்த நீரையே ஆமை குடிக்கிறது.

இங்கே கொஞ்சம் சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மீன்வாடையே படாத வீடுகள் நம் தோழியர் பலருடையவை. அது அவர்கள் வழக்கம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மண்புழுவையும் மீனையும் தின்று வளர வேண்டிய குட்டி ஆமையை அந்த வீட்டுக்குள் கொண்டு வந்து, அதற்கும் சைவம் பழக்குவது என்ன நியாயம்? ஆமைக்கென்றே செய்த தரமான உருண்டைத் தீனி கிடைக்கிறது. அதிலும் மீன்தூள் இருக்கிறது என்பதை அறிந்து ஒப்புக்கொண்டால் வாங்கலாம். ஒப்பவில்லையென்றால் ஆமையை வாங்காமலிருப்பதே நேர்மை.

வாயில்லா உயிருக்கு உணவளிப்பது நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. திருக்கழுக்குன்றத்து மலைமேல் நாள்தோறும் நண்பகலில் இரு கழுகுகள் வந்து அர்ச்சகர் கையால் பொங்கல் உண்டதைப் பார்த்த பெற்றோர் இதைப் படிப்போரிலும் இருப்பார்கள். 1990களின் இறுதியோடு அவை வருவது நின்றுபோயிற்று. அந்தக் கழுகுகளுக்கு வானம் திறந்திருந்தது. குன்றில் கிடைத்தது போக மற்றதை வேறிடத்தில் தேடிக்கொள்ள முடிந்தது. தொட்டி ஆமைக்கு நம் கையைத் தவிர வேறிடமில்லை. வடநெம்மேலியில் 1976ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட முதலைப் பண்ணைக்குச் சுற்றுலா போனபோது அங்கே ஆமைகளையும் பார்த்திருப்பீர்கள். உயிர்க்காட்சிச் சாலை விலங்குகளுக்குப் பார்வையாளர் தீனி கொடுப்பதைச் சட்டமே தடுக்கிறது. நம் கையிலுள்ள கடலைப் பொட்டலத்தைவிட அதன் உடல் பெரிது என்பதே அதன் பொருள்.

உணவே கொடுக்கக் கூடாத ஆமையும் ஒன்றுண்டு. தை முதல் பங்குனி வரை நம் கரையில் இரவில் ஏறி மணலில் முட்டையிடும் கடலாமையை மீனவர் பங்குனி ஆமை என்பார்கள். ஒரு குழியில் நூறு முட்டைக்கும் மேலிருக்கும். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவரும். அவற்றின் வயிற்றில் முட்டையின் மஞ்சட்கரு மிச்சமிருப்பதால் முதற்சில நாள்களுக்கு உணவே தேவையில்லை, அந்தப் பலத்தில்தான் அலைகளைத் தாண்டி நீந்துகின்றன. அதை வாளியில் பிடித்துப்போட்டு, உப்பைக் கரைத்து, பொரியைத் தூவினால், செய்தவள் அன்பாகச் செய்தாலும் ஆமைக்கு அது கேடுதான். சட்டப்படியும் குற்றம். குஞ்சைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வளர்ந்து பெருத்துவிட்ட அமெரிக்க ஆமையைக் கொளவாய் ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிட்டு “விடுதலை கொடுத்தேன்” என்று சொல்லுவோர் உண்டு. உலகின் மிக மோசமான 100 அயல் உயிரினங்கள் என்று வகுத்த பட்டியலில் இந்த ஆமையும் ஒன்று. கேரளத்தில் திருச்சூர்ப் பக்கத்துக் கால்வாயில் 2018இல் இது காணப்பட்டதிலிருந்து அங்குள்ள ஆய்வாளர் கவலைப்படுகின்றனர். நம் பாலாமையும் காராமையும் உண்ண வேண்டியதை இது பறித்துத் தின்னும். வளர்க்க முடியாதவர்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

கைகழுவுவதைப் பற்றிச் சொல்லுவதாகச் சொன்னோம். ஆமையின் உடலிலும் தொட்டி நீரிலும் சால்மோனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். குழந்தைகள் பலர் இதனால் நோயுற்றதைக் கண்டுதான், நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை விற்பதை அமெரிக்க அரசு 1975இலேயே தடுத்தது. பிறந்த நாட்டிலேயே விற்கக் கூடாத குட்டி நம் கடைத்தெருவில் தாராளமாக விற்கிறது. தொட்டி நீரை அடுப்படித் தொட்டியில் கொட்டாதீர்கள். ஆமையைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தின்னாதீர்கள்.

தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. வரும் ஆண்டின் விற்பனை விழாவில் வளையம் எறிந்து வெல்லும் பரிசுகளுள் உயிருள்ளது எதுவும், மீனாயினும் ஆமையாயினும், வைக்க வேண்டாம். எவர்சில்வர் டம்ளரும் எழுதுகோற் பெட்டியும் இருக்கவே இருக்கின்றன. ஏற்கெனவே ஆமை வளர்க்கும் தோழியர் அஞ்ச வேண்டியதில்லை. அவர்களுக்காக மாமல்லபுரத்திலிருந்து பொறுக்கி வந்து, மூன்று நாள் நன்னீரில் ஊறவைத்து, மொட்டைமாடியில் காயவைத்த கடல்நுரைத் துண்டுகள் அறிவியல் கூடத்து அலமாரியில் ஒரு கூடை நிறைய இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலை மணி அடித்ததும் வந்து பெற்றுக்கொள்ளலாம்.