தூண்டிலுக்கும் ஒரு காலைப்பொழுது

"விவசாயிக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது ஐயா?" கிராமக் கூட்டங்களில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் திரும்பியதில்லை. கேள்வி நியாயமானதுதான். கறவை மாட்டுக்கு விடுமுறை கிடையாது. மும்முனை மின்சாரம் வரும்போதுதான் மோட்டார் ஓடும். நள்ளிரவானாலும் எழுந்து போய் மடை மாற்ற வேண்டும். இந்த நிலையில் மீன்பிடிக்கப் போவதைப் பற்றி வேளாண்மைப் பக்கத்தில் எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். எழுத வேண்டிய விஷயம்தான் என்பது என் கருத்து.

வேட்டையை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடுவோம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும், உரிமம் பெற்றுச் சிலவற்றை வேட்டையாட வழி இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வழியையும் அடைத்துவிட்டது. முயலோ, கவுதாரியோ, உடும்போ, சொந்தப் பட்டா நிலத்தில் பிடித்தாலும் குற்றம்தான். தாத்தா காலத்தில் பாரி வேட்டைக்குப் போன கதை திண்ணையில் பேசச் சுவையாக இருக்கும். ஒரு முயலுக்காக வாய்தா வாய்தாவாகக் கோர்ட்டுக்கு அலைவதில் சுவை ஏதும் இல்லை. பன்றித் தொல்லை தனிப் பிரச்சினை. அதற்கு வனத்துறையிடம் மனுக் கொடுப்பதே முறை. வேலியில் மின்சாரம் பாய்ச்சினாலும், வெடி வைத்தாலும் சாவது பன்றி மட்டும் அல்ல. மாடும் சாகிறது, மனிதரும் சாகிறார்கள்.

மீன் விஷயம் வேறு. நம் முன்னோர் அதை வேளாண்மைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். தென் மாவட்டக் கண்மாய்ப் பாசனப் பகுதிகளில் புரட்டாசி, ஐப்பசியில் தொடங்கும் நெல் தை, மாசியில் அறுவடையாகிறது. அதன்பின் கண்மாயில் எஞ்சிய நீர் வற்றத் தொடங்கும்போது, சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஊருக்கு ஊர் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும், கரையில் காத்திருந்த அத்தனை பேரும் ஊத்தா, கச்சா, வலை, கூடை சகிதமாக இறங்குகிறார்கள். விராலும் கெண்டையும் கெளுத்தியும் விற்பனைக்குப் போவதில்லை. அன்று எல்லார் வீட்டு அடுப்பிலும் மீன் குழம்புதான். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தண்ணீர் முதலில் பயிருக்கு. பயிர் முடிந்த பிறகே மீனுக்கு இறங்கலாம். வேலைக்கும் விளையாட்டுக்கும் இடையே சண்டை வராமல் பஞ்சாங்கமே பிரித்து வைத்துவிட்டது.

இன்று அந்தக் கணக்குப் பல ஊர்களில் தலைகீழாகிவிட்டது. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர், பயிர் நிற்கும்போதே மீனுக்காக நீரை வடித்துவிடுவதாகப் புகார் வருகிறது. குத்தகையால் ஊருக்கு வருமானம் வருவதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடைசி ஆயக்கட்டுதாரரின் அறுவடை முடியும்வரை மடையில் கை வைக்கக் கூடாது என்பதையும், முடிவில் ஒரு நாள் ஊராருக்கு விட வேண்டும் என்பதையும் ஏலத்தின்போதே எழுதி வாங்கிவிடுவது நல்லது. ஏலம் முடிந்த பிறகு இரவில் வலையோடு போவது திருட்டுதான். அதனால் ஊர்ப் பகையும் வளரும்.

நேரத்திற்கு வருவோம். நடவு முடிந்து, களை எடுத்து, மேலுரமும் இட்டுவிட்டால் சில நாட்கள் மூச்சு விடலாம். முழு நாள் தேவையில்லை. மீன் கடிப்பது விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான். பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, மண்புழுவும் தூண்டிலுமாக வாய்க்கால் கரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் எந்தப் பயிரும் வாடிவிடாது. போகும்போது பிள்ளையையும் அழைத்துப் போக வேண்டும். என் தந்தை என்னை அழைத்துப் போனார். நானோ ஞாயிறுதோறும் முகாம், கண்காட்சி என்று அலைந்தவன். என் மகனுக்கு இன்றும் கெண்டைக்கும் கெளுத்திக்கும் வித்தியாசம் தெரியாது. அது என் குறைதான்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆண்கள் மீன்பிடிக்கப் போகும் நேரம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் நேரத்திலிருந்து எடுத்ததாகவே இருக்கிறது. அவர் கரையில் உட்கார்ந்திருக்க, தண்ணீர் பாய்ச்சுவதும் மாட்டுக்குப் புல் அறுப்பதும் வீட்டம்மாள் தலையில். மதியம் ஒரு கூடைப் பொடி மீனை முற்றத்தில் கொட்டி, "குழம்பு வை" என்றால் அதை ஆய்ந்து, உரசி, கழுவ எத்தனை நேரம் ஆகும்? பிடித்தவரே ஆய்ந்து கொடுக்கட்டும். அந்த அம்மாளுக்கும் வாரத்தில் ஒரு காலைப்பொழுது வேலையிலிருந்து விடுதலை கிடைக்கட்டும். அதை அவர் எப்படிக் கழிப்பார் என்பது அவர் விருப்பம்.

பிடிக்கும் முறையிலும் கட்டுப்பாடு வேண்டும். மோட்டார் லைனிலிருந்து ஒயர் இழுத்து நீரில் விடுவதும், பூச்சிமருந்தை ஊற்றுவதும் உயிரோடு விளையாடுவதாகும். புதுவெள்ளத்தில் எதிரேறி வரும் மீன் முட்டையிடப் போகும் மீன், அதை விட்டுவிடுங்கள். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் மிதந்தால், அடியில் தாய் தந்தை விரால் காவல் நிற்கின்றன என்று பொருள். அவற்றைப் பிடித்தால் குஞ்சுகள் அத்தனையும் பிற மீன்களுக்கு இரையாகும்.

சொந்தமாகப் பண்ணைக்குட்டை உள்ளவர்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. பத்து சென்ட் குட்டையில் ஐந்தடி நீர் எட்டு மாதம் நிற்குமானால், விரலளவுக் குஞ்சுகள் 200 விடலாம். மேல்மட்டத்தில் மேயும் கட்லா 80, நடுவில் ரோகு 60, அடியில் மிர்கால் 60 என்று விட்டால் தீனிக்குப் போட்டியிராது. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவில் பிசைந்து தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கொடுத்து வந்தால், மீன் அங்கே வந்து காத்திருக்கும். தூண்டில் போடவும் அதுவே இடம். பாலித்தீன் விரித்த குட்டையானால் கரை வழுக்கும். நீந்தத் தெரிந்தவர்கூட ஏறி வர முடியாது. நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு கட்டி, சுற்றி வேலி அமைத்த பிறகே பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் செல்லவும்.